கண்டல்வெளிப் பாலத்தின் நீளம்

கண்டல்வெளிக் களப்பின் குறுக்கே கட்டிய நடைபாலம் ஆளுக்கு ஒரு நீளமாக இருந்தது. ஏனென்று கேட்டுக்கொண்டு நிற்க அந்த ஊருக்கு நேரமில்லை. வீடுகள் இக்கரையில், பள்ளிக்கூடமும் சந்தையும் ஆஸ்பத்திரியும் சுடலையும் அக்கரையில். சண்டை முடிந்து, முகாம் கலைந்து, திரும்பி வந்து தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே குந்திய நாளிலிருந்து ஆறு வருடமாக, பிள்ளையைப் பள்ளிக்கு விடவும் மீனை விற்கவும் செத்தவரை எரிக்கவும் பதினான்கு கிலோமீற்றர் சுற்றிச் சுற்றி நடந்த நூற்றுப் பதினெட்டுக் குடும்பம் அது. பாலம் வந்தது. போதும். அது நீண்டால் என்ன, சுருங்கினால் என்ன.

கட்டியவர் தர்மகுலசிங்கம். ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்தின் திட்ட முகாமையாளர், வயது அறுபத்துமூன்று, ஊரார் வாயில் வெறும் ‘சேர்’. முப்பது வருடமாக இதே வேலைதான். எங்கே வெள்ளம் வடிந்ததோ, எங்கே நிலம் ஆடி அடங்கியதோ, எங்கே துவக்குச் சத்தம் ஓய்ந்ததோ, அங்கே போய், ஒரு தகரக் கொள்கலனுக்குள் கட்டிலைப் போட்டு, அந்த ஊர்ப் பாஷையில் சீமெந்து, மணல், நாளைக்கு என்ற மூன்று சொல்லைப் பழகி, கட்டி, அளந்து, ஒப்படைத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு. நேபாளத்தில் தண்ணீர்த் தாங்கி, சூடானில் கிணறுகள், ஹெயிட்டியில் பள்ளிக்கூடம். இருபத்துமூன்று ஒப்படைப்பு. ஒன்றிலும் முதல் மழைக்கு நின்றதில்லை. வேலை வெயிலில்தான் முடியும், மழை வரும்போது அவர் வேறொரு நாட்டுப் புழுதியில் நிற்பார். கட்டியது நின்றதா, சரிந்ததா, கரைந்து போனதா, தெரியாது. கேட்டு எழுதியதுமில்லை.

மனுசி செத்தபோது சூடானில் நின்றார். அன்று எட்டாவது கிணற்றை ஒப்படைக்கிற நாள். ஆழத்தை அளந்து, கையொப்பம் வைத்து, பிறகுதான் விமானம் ஏறினார். கோப்பாயில் வீட்டு வாசலில் இறங்கியபோது எரித்துக் காடாற்றும் முடிந்திருந்தது. வீட்டைப் பூட்டினார். மகள் மொன்றியலிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் எடுத்து இரண்டு கேள்வி கேட்பாள்: சாப்பிட்டீங்களோ, அங்கை மழையோ. இரண்டுக்கும் அவர் ஓம் என்பார். மழை இல்லாவிட்டாலும் ஓம் என்பார்.

பாலத்துக்கு வருவோம்.

பிழை நடந்தது அளக்கிற அன்று. காகிதத்தில் எல்லாம் மீற்றர், வேலைக்காரர் வாயில் அடி. அளவு நாடாவின் முதல் அடி லொறிச் சில்லில் அகப்பட்டுப் பிய்ந்துபோயிருந்தது. இது பெரிய விசயமில்லை. நாடா ஒன்றிலிருந்து தொடங்கும். வருகிற எண்ணில் ஒன்றைக் கழித்துக்கொள்வது, அவ்வளவுதான். பிய்ந்த முனையை இக்கரையில் குலசிங்கம் பிடித்தார். மற்ற முனையைத் தோணியில் அக்கரைக்குக் கொண்டுபோனவர் மரியதாஸ், மன்னார்ப் பக்கத்து மேசன், கோயிலும் குளக்கட்டும் கட்டித் தேய்ந்த கை. நாடா இருநூற்றொன்று காட்டியது. மரியதாஸ் ஒன்றைக் கழித்து, இருநூறு என்று தண்ணீருக்கு மேலால் கத்தினார். குலசிங்கம் முப்பது வருடப் பழக்கத்தில் இன்னும் ஒன்றைக் கழித்து, நூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று எழுதிக்கொண்டார். இரண்டு பேரும் கவனமான ஆட்கள். அதுதான் பிழை.

ஐந்து மாதம் கழித்துக் கடைசிக் கொங்கிறீற் தட்டை இறக்கியபோது பாலத்துக்கும் அக்கரைக்கும் நடுவே ஓர் அடி வெளி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. இருவரும் குனிந்து பார்த்தார்கள். கீழே தண்ணீர் ஒன்றும் தெரியாததுபோல ஓடியது.

“சேர், நீங்களும் கழிச்சனீங்களோ?” என்றார் மரியதாஸ்.

“நீர் கழிச்சனீர் எண்டு சொல்லேல்லையே.”

“நீங்கள் கழிப்பியள் எண்டு எனக்கு ஆர் சொன்னது?”

அதற்குமேல் அதில் கதைக்க ஒன்றுமில்லை. நல்ல வைரம் பாய்ந்த பனம்பலகை ஒன்றைக் குறுக்கே போட்டு, இரண்டு பக்கமும் போல்ட் அடித்து இறுக்கினார்கள். குலசிங்கம் ஒளிக்கிற ஆளில்லை. ஓர் அடி குறைகிறது, பலகை போட்டிருக்கிறது என்று கொழும்புக்கு எழுதிவிட்டார்.

ஒப்படைக்கும்வரை யாரும் ஏறக்கூடாது என்று ஓர் அறிவிப்புப் பலகை எழுதிக் கட்டினார். ஊர் அதை வாசித்துவிட்டு ஏறியது.

முதலில் கண்டுபிடித்தது பள்ளிக்கூடப் பிள்ளைகள். போகும்போது நடந்து நடந்து கால் உளைகிற பாலம், திரும்பி வரும்போது ஆறு எட்டு வைக்கமுதல் முடிந்தது. நேரம் பிந்தி வந்த பிள்ளைகளைப் பள்ளி அதிபர் இரண்டு நாள் வெயிலில் நிறுத்தினார், மூன்றாம் நாள் தானே இக்கரைக்கு ஒரு அலுவலாக வந்துவிட்டு, திரும்பிப் போய்ச் சேர முக்கால் மணித்தியாலம் எடுத்து, மணியடிக்கிற நேரத்தைத் தள்ளிப்போட்டார். அதற்குப் பிறகு ஊர் இதை உப்பு விலைபோல, காற்றுத் திசைபோலக் கதைக்கத் தொடங்கியது. காலையில் முகம் கழுவிக்கொண்டு நிற்பவரிடம் கேட்பார்கள், உங்கட பாலம் இண்டைக்கு எத்தனை என்று. நேற்று நாற்பதடி, இன்றைக்கு முந்நூறைத் தாண்டிவிட்டது, வீட்டில் மச்சாள் வந்து நிற்கிறா என்பார் ஒருவர். சம்பந்தம் பேசப் போனவர்கள் சாதகத்தோடு மாப்பிள்ளையின் பாலத்தையும் விசாரித்தார்கள். புருசன்மார் பெண்சாதிமாருக்கு எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னார்கள், பெண்சாதிமார் பாலத்தில் தின்னக் கட்டிக் கொடுத்த சோற்றுப் பார்சலின் மிச்சத்தைப் பார்த்து உண்மையைக் கண்டுபிடித்தார்கள்.

பாலத்தில் ஏறினவருக்கு அவரவர் பாலம் மட்டும்தான். முன்னால் போனவரும் தெரியார், பின்னால் வருபவரும் தெரியார். கைகோத்து ஏறிய புதுப் பெண்மாப்பிள்ளைக்கும் நடுவில் கை வெறுமையாகி, அக்கரையில்தான் மற்றக் கை திரும்பக் கிடைத்தது. தூக்கிக்கொண்டு போனால் மட்டும் தூக்கினவருக்கும் தூக்கப்பட்டவருக்கும் ஒரே நீளம். அப்படித்தான் மீன்கார நேசன், பிள்ளைவலி எடுத்த பெண்சாதியை முதுகில் போட்டுக்கொண்டு ஏறி மூன்றாம் அடியில் ஆஸ்பத்திரி ஒழுங்கையில் நின்றான். கிழவர் கணபதியாரின் பாடையைச் சுமந்த நான்கு பேரும் வலது காலை வைத்தார்கள், இடது கால் அக்கரையில் விழுந்தது, பறையடிக்கிறவர் இன்னும் இக்கரையில்தான் நின்றார். செத்தவருக்குப் பாலம் ஓர் அடி. இதில் யாருக்கும் ஆச்சரியம் இருக்கவில்லை.

ஏன் இப்படி என்றால் ஆளுக்கொரு விளக்கம். எதிர்பார்த்து நிற்பவர் இருந்தால் குறையும் என்றார்கள் சிலர். மனதில் சுமக்கிற பாரம் கூடினால் நீளும் என்றார்கள் வேறு சிலர். பிழையாய் அளந்த பாலம், தன் குறைந்த அடியை ஏறுகிறவரிடம் தேடுகிறது என்றார் மரியதாஸ். குலசிங்கம் விளக்கம் சொல்லவில்லை. ஜீப்பில் ஏறிச் சுற்றுப் பாதையால் போனார், பதினான்கு கிலோமீற்றர், ஒவ்வொரு நாளும்.

அவர் மூன்று தரம் முயன்றவர். பாலத்துக்கு ஆறடிக்கு ஒரு கம்பித்தூண். ஒரு பக்கத்துக்கு முப்பத்துமூன்று. அவரே எண்ணி நட்டது. முதல் தரம் ஆயிரத்திருநூறு தூண்வரை போய்த் திரும்பினார். இரண்டாம் தரம் இரண்டாயிரத்தைந்நூறு. மூன்றாம் தரம் விடியவே ஏறி, வெயில் உச்சிக்கு வரும்வரை நடந்து, நாலாயிரமாவது தூணைப் பிடித்துக்கொண்டு நின்று முன்னால் பார்த்தார். தண்ணீர். தூண். தண்ணீர். நீர்க்காகம் ஒன்று ஒரு தூணில் செட்டையை விரித்துக் காயப்போட்டுக்கொண்டு, இவரைக் கொஞ்சமும் கணக்கில் எடுக்காமல் இருந்தது. திரும்பினார். திரும்பி வர இரண்டே தூண். கரையில் வேலைக்காரருக்குத் தேத்தண்ணி ஊற்றுகிற பரிபூரணம் ஒன்றும் கேட்காமல் ஒரு கோப்பையை நீட்டினாள். மூன்று தரமும் அவள்தான் நீட்டினாள். மூன்று தரமும் கேட்கவில்லை.

பரிபூரணத்துக்கு நாற்பத்தாறு வயது. சண்டையின் கடைசி நாட்களில் ஒரு பேருந்தில் ஏற்றப்பட்ட புருசன் எங்கே இறக்கப்பட்டான் என்று தெரியாது. அக்கரையில் அரசாங்கக் கச்சேரிக்கு, செஞ்சிலுவைக்கு, சாத்திரகாரனுக்கு என்று அவளுக்கு எப்போதும் ஒரு அலுவல் இருந்தது. விடிய ஏறினால் பொழுதுபடத்தான் அக்கரை. ஊரிலேயே நீளமான பாலம் அவளுடையது என்று சொல்லிக்கொண்டார்கள். அவர்களுக்குக் குலசிங்கத்தின் பாலம் தெரியாது.

ஐப்பசி பிறக்கக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. வரைபடத்தில் பலகை இல்லை. பத்து நாளுக்குள் அந்த ஓர் அடியையும் கொங்கிறீற்றால் நிரப்பி நீளத்தைச் சரியாக எழுதி ஒப்படைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாலத்துக்கு இரண்டு பக்கமும் இரும்புக் கதவு போட்டுப் பூட்டப்படும். பரிசோதகர் வருவார். கூடவே இன்னொரு தாள்: குலசிங்கத்துக்கு அடுத்த இடம் மொசாம்பிக், அடுத்த மாதம் முதலாம் திகதி.

வாசிகசாலையில் கூட்டம் வைத்தார்கள். குலசிங்கம் எழும்பி, நிரப்பினால் அநேகமாக எல்லாருக்கும் இருநூறடிதான், மரியதாஸும் அப்படித்தான் நினைக்கிறார் என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார். அதிபருக்கு அது பிடித்திருந்தது. ஒரு மணி, ஒரு நேரம், ஒழுங்கு. மீன்காரர் பாதிப் பேர் தலையாட்டினார்கள். நேசன் மட்டும் மடியில் கிடந்த குழந்தையைக் காட்டி, இருநூறடியென்றால் இது பாலத்தில்தான் பிறந்திருக்கும், கையிலேயே செத்தும் இருக்கும் என்றான். அதோடு கூட்டம் இரண்டாகப் பிரிந்து, யாருடைய கொப்பன் யாருடைய வேலியை அரக்கி நிலம் பிடித்தது என்ற பழைய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பரிபூரணம் பின்வரிசையிலிருந்து எழும்பினாள். அவள் கூட்டங்களில் கதைப்பதில்லை.

“இஞ்சை எல்லாரும் கேக்கினம், ஏதும் தெரிஞ்சுதோ எண்டு. அங்காலை கச்சேரிக் கந்தோரிலையும் கேக்கினம், போட்டிருந்தது என்ன நிறச் சேட்டு, ஏத்தினது எத்தினை மணி எண்டு. பாலத்திலை ஒருத்தரும் கேக்கிறேல்லை. அவரை நான் ஒரு பகல் முழுக்க நினைச்சுக்கொண்டு நடக்கிறன். எனக்கு அந்தத் தூரம் வேணும், சேர். இருநூறடி எனக்குக் காணாது.”

தன் இடத்தில் திரும்ப இருந்துவிட்டாள். யாரோ இருமினார்கள். அதிபர் மெல்ல, கட்டினது நீங்கள், நீங்களே சொல்லுங்கோ சேர் என்றார். அப்போதுதான் நேசன் கேட்டான், எல்லாரும் கேட்க நினைத்ததை.

“உங்கட பாலம் எத்தினை சேர்?”

“நான் ஏறிப் பாக்கேல்லை,” என்றார் குலசிங்கம்.

பரிபூரணம் நிலத்தைப் பார்த்தாள்.

அடுத்த நாள் காலை மரியதாஸ் அக்கரையில் கம்பியும் பலகையடைப்பும் கொண்டுவந்து வைத்து, சீமெந்தையும் மணலையும் குழைக்கத் தயாராக நின்றார். ஜீப்பால் இறங்கி வந்த குலசிங்கம் பனம்பலகைக்குப் பக்கத்தில் குந்தினார். நிரப்பினால் முப்பத்துமூன்று தூண். ஒரு நிமிடத்து நடை. அங்கே ஜீப் நிற்கும், பெட்டி ஏற்றியிருக்கும், இருபத்துநான்காவது ஒப்படைப்பு முடிந்திருக்கும், மாரி தொடங்கமுதல் அவர் மொசாம்பிக்கில் இன்னொரு கொள்கலனுக்குள் கட்டிலைப் போட்டிருப்பார். இத்தனை நாளும் அதைத்தான் செய்தார், அதைச் செய்ய அவருக்கு நன்றாகத் தெரியும். பலகையைக் கையால் தட்டிப் பார்த்தார். உறுதியான சத்தம்.

“ஊத்துறதோ சேர்?”

“வேண்டாம். இதுக்கு இன்னும் ரெண்டு போல்ட் போடும்.”

மரியதாஸ் இரண்டு போல்ட்டை எடுத்து இறுக்கினார். குழைக்காத சீமெந்தைத் திரும்பக் கட்டினார்.

பரிசோதகர் அருமைநாயகம் மட்டக்களப்புக்காரன், முப்பது வயது, காலில் சுத்தமான சப்பாத்து, முழுசான நாடா. இக்கரையிலிருந்து அக்கரைக்கும் அக்கரையிலிருந்து இக்கரைக்கும் நான்கு தரம் நடந்தான். நான்கு தரமும் நூற்றுத் தொண்ணூற்றொன்பதடி, பிறகு பலகை. கூடவுமில்லை, குறையவுமில்லை. கரையில் நின்ற பெண்கள் அவனைப் பார்த்து இரங்கினார்கள். பாவம், அந்தப் பிள்ளைக்கு ஓடிப்போய்ச் சேரவும் ஒருத்தரும் இல்லை, விட்டுப்போக மனமில்லாத ஒருத்தரும் இல்லை என்று சொல்லி, பரிபூரணத்தின் இடத்தில் தேத்தண்ணி ஊற்றி நின்ற அவளுடைய மகளிடமிருந்து ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார்கள். பரிபூரணம் அன்று விடியவே பாலத்தில் ஏறிவிட்டாள்.

“பலகை அப்படியே கிடக்கே, ஐயா,” என்றான் அருமைநாயகம்.

“அது விரிவு இணைப்பு. பாலம் எண்டால் நீளும், சுருங்கும். இடம் விடவேணும்.”

“அது அரை அங்குலம் விட்டாக் காணுமே. ஓர் அடியா?”

“இஞ்சை கூட நீளும்.”

அவன் சிரிக்கப் பார்த்தான். குலசிங்கத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. பிறகு நியாயமான ஒன்றைக் கேட்டான். பலகை இளகினால், வெள்ளம் இழுத்தால், யார் பதில் சொல்வது. மாரி முடியும்வரை பொறுப்பான ஆள் ஒருவர் இங்கே நின்று பார்க்காமல் தன்னால் இதை விடமுடியாது.

“நான் நிக்கிறன்.”

“உங்களுக்கு மொசாம்பிக் போட்டிருக்கே?”

“வேறை ஆளைப் போடச் சொல்லும்.”

படிவத்தை வாங்கி, நீளம் என்ற இடத்தில் மீற்றர் என்று அச்சடித்திருந்ததை வெட்டி, ‘199 அடி, ஓர் அடி’ என்று எழுதினார். கூட்டவில்லை. அடி என்றால் அளவு, அடி என்றால் காலெடுத்து வைக்கிற எட்டு. எதை வேண்டுமானாலும் கொழும்பு வாசித்துக்கொள்ளட்டும். பொறுப்பாளர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதிக் கையொப்பம் வைத்தார். அந்த நிறுவனத்தில் ஒரு நடைமுறை உண்டு: கட்டியவரும் பரிசோதகரும் முழுதும் நடந்து பார்த்து, அதன் பிறகுதான் கையொப்பம். முப்பது வருடத்தில் முதல்தடவையாக அதை மாற்றி, நடக்கமுதலே வைத்து, தாளை அருமைநாயகத்தின் கையில் கொடுத்தார்.

“நீர் முன்னாலை போம். நான் நடந்து வாறன்.”

“எவ்வளவு நேரமாகும், ஐயா?”

“தெரியாது.”

அருமைநாயகம் ஒரு நிமிடத்தில் அக்கரை சேர்ந்தான். மத்தியானம்வரை ஜீப்பில் சாய்ந்துகொண்டு வெறும் பாலத்தைப் பார்த்து நின்றுவிட்டு, மாலையில் இன்னொரு பாலம் பார்க்க இருந்ததால், தாளில் தன் பங்குக்குக் கையொப்பம் வைத்துவிட்டுப் போனான்.

குலசிங்கம் அப்போது ஐயாயிரமாவது தூணில் நின்றார். அதற்குப் பிறகு எண்ணவில்லை. எண்ணாமல் நடப்பது அவருக்குப் பழக்கமில்லாததால் முதலில் கால் தடுமாறியது, பிறகு பழகியது. நடந்தார். நேபாளத்துத் தண்ணீர்த் தாங்கியின் பூச்சு வெடித்திருக்குமா என்று நினைத்து நடந்தார், ஹெயிட்டிப் பள்ளிக்கூடத்துக் கூரைத்தகரத்தைப் புயல் தூக்கியிருக்குமா என்று நினைத்து நடந்தார், எட்டுக் கிணற்றிலும் எது ஊறியது எது தூர்ந்தது என்று ஒவ்வொன்றாய் எட்டிப் பார்த்து நடந்தார், எட்டாவது கிணற்றின் ஆழம் முப்பத்தேழடி என்று அளந்த அந்தக் காலைநேரம் வந்தபோது கொஞ்சம் நின்றார். அன்றைக்கு அளக்காமல் போயிருக்கலாம். கிணறு அங்கேயேதான் இருந்திருக்கும். இதை அவர் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை, தனக்கும் சொன்னதில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு மனுசியின் பெயரை ஒரு தரம் சொன்னார். நீர்க்காகம் திரும்பிப் பார்த்தது. கேள்வி கேட்கவில்லை. திரும்பிப் போக இரண்டே தூண் என்பது தெரியும். திரும்பவில்லை.

பின்னேரம் மேற்கே கறுத்தது. காற்று ஒரு தரம் புரண்டது. முதல் துளி அவர் மூக்கில் விழுந்தது, பிறகு பாலத்தில், பிறகு எங்கும்.

குலசிங்கம் குனிந்தார். மழைத்தண்ணீர் தட்டின் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடி, அவர் சொல்லி மரியதாஸ் விட்ட துளைகளுக்குள் சுழித்து இறங்கியது. ஓரிடத்திலும் தேங்கவில்லை. அடுத்த துளைக்குப் போய்ப் பார்த்தார். அதுவும் இறங்கியது. நனைந்து நனைந்து துளை துளையாய்ப் பார்த்துக்கொண்டே போன அந்த மனிதர், நிமிர்ந்தபோதுதான் ஒன்றைக் கண்டார். முன்னால் ஒரு முதுகு. தலையில் சீமெந்துப் பையை மடித்துக் கவிழ்த்துக்கொண்டு போகிற ஒரு பெண்ணின் முதுகு.

அந்தப் பாலத்தில் யாரும் யாரையும் கண்டதில்லை. அவர் செருமினார்.

“சேரோ?” என்றாள் பரிபூரணம், திரும்பாமல்.

“ம்.”

“உங்களுக்கு எத்தினையாம்?”

“எண்ணேல்லை.”

அவள் தலையாட்டினாள். நடந்தாள். எத்தனையோ கேட்கலாம், அவரும் கேட்கவில்லை. மழை இரண்டு பேருக்கும் ஒரே அளவாகப் பெய்தது, தூரத்தில் பனம்பலகை நனைந்து கறுத்துக் கிடந்தது, அவர் அவளுக்குப் பின்னால் அவள் எட்டுக்குத் தன் எட்டை வைத்துப் போனார். நடுவில் ஓர் அடி இருந்தது. இந்தத் தரம் அதை ஒருவரும் கழிக்கவில்லை.